சொட்டும் குழாய்

குழாய் பழுதுபார்த்த கதையும் ஒரு மலரில் இடம்பெறுமா என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரைக் கற்பிக்கும் துறையினர், வீட்டில் வீணாகும் நீரைப் பற்றி எழுதுவதில் பிழையில்லை என்றே கருதுகிறேன்.

எம் இல்லத்தில் என் தாயார் ஒளுச் செய்யும் குழாய் அது. வீடு கட்டியபோது அத்தா அவர்கள் பதித்த பித்தளைக் குழாய். ஓர் இரவு 10 மணிக்கு அதன் அடியில் 10 லிட்டர் வாளியை வைத்தேன். காலை 5 மணிக்குச் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது வாளி நிறைந்திருந்தது. அப்படியானால் நாளொன்றுக்கு 34 லிட்டர். ஆண்டுக்கு 12,000 லிட்டருக்கு மேல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்று நபிமொழி நூல்கள் தெரிவிக்கின்றன. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. அந்த வாளியில் எத்தனை முத்து இருந்தது என்று கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

நீரைவிடத் தாயாரின் கைகளே என்னை வருத்தின. மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துவிட்ட 78 வயதில், சொட்டு நிற்கவேண்டும் என்று இரு கைகளாலும் திருகை இறுக்குவார். குழாயின் உள்ளே தண்ணீரை அடைப்பது வாஷர் எனும் சிறு ரப்பர் வில்லை. இறுக்க இறுக்க, அது அமரும் பித்தளை விளிம்பு ரப்பரில் பள்ளம் பறிக்கும். பள்ளம் ஆழமானால் சொட்டு மிகும். சொட்டு மிகுந்தால் மீண்டும் இறுக்கவேண்டும். அந்த வட்டத்துள் அவர் கை அகப்பட்டிருந்தது.

பிளம்பரை அழைத்தோம். "பாய், இது அசையாது. சுவரை உடைத்துப் புதிதாக வைத்துவிடலாம்" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. அது மரைகளில் கல்லாய்ப் படிந்திருந்தது. வலிந்து திருகினால் சுவருக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாய் முறியும். ஆனால் தாயார், "அவங்க வச்சதுத்தா, உடைக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் சுவரை உடைக்கும் பேச்சுக்கு இடமேது?

மேல்தொட்டியின் வால்வை அடைத்துவிட்டு, காடியில், அதாவது கடைகளில் வினிகர் என விற்பதில், துணியை நனைத்து இணைப்பைச் சுற்றிப் பாலிதீன் பையால் கட்டினேன். சுண்ணாம்பைக் காடி நுரைத்துக் கரைக்கும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வேதியியலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குரோமியப் பூச்சுள்ள குழாயாயின் இரவு முழுதும் விடலாகாது; பூச்சு மங்கிவிடும். கைப்பிடியின் இரும்புத் திருகாணி துருவால் இறுகியிருந்தது. அதற்கு மண்ணெண்ணெய்.

முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு ஸ்பேனரால் குழாயின் உடலை அசையாது பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் மேல்மரையை இடப்புறம் திருப்பினேன். முறுக்கு விசை சுவருக்குள் செல்லாதிருக்க இந்த இரண்டாம் ஸ்பேனர் இன்றியமையாதது. 'கிறீச்' என்றொரு ஓசை. மரை கால் சுற்று நகர்ந்தது. சற்றே பின்னோக்கித் திருப்பி, மீண்டும் முன்னே, மீண்டும் பின்னே என்று கழற்றியெடுக்க அரைமணி நேரம் ஆயிற்று.

வாஷரில் மோதிரம் பதித்தாற்போல் வட்டப் பள்ளம். பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன்; நல்வாய்ப்பாக அதில் கீறல் இல்லை. இருந்திருந்தால் புது வாஷரும் விரைவில் தேய்ந்திருக்கும். முற்காலத்தில் தோல் வாஷரும் இடுவதுண்டு. நான் இட்டது ரப்பர்தான். அதன் விலை ஒரு தேநீருக்கும் குறைவு. தண்டைச் சுற்றிக் கிரீஸ் தடவிய பருத்தி நூலை வைத்து மூடினேன். இப்போது தாயார் இரண்டு விரல்களால் திருகை மூடுகிறார்.

எங்கள் முஹல்லாப் பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் 12 குழாய்களுள் 3 சொட்டிக்கொண்டிருக்கின்றன. முத்தவல்லி அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். காடிப் புட்டியுடன் ஞாயிறன்று லுஹருக்குப் பின் செல்வதாக உள்ளேன். இரண்டாம் ஸ்பேனரைப் பிடிக்க மாணவர் ஒருவர் வந்தால் நலம்.