மெய்யியல் படித்து என்ன கிடைக்கும்?

 

தத்துவம் என்று சொன்னால் எங்கட பக்கம் இரண்டு பதில்தான் வரும். ஒன்று நக்கல்: "பெரிய தத்துவம் பேசுறாரு." மற்றது பயம்: "அதெல்லாம் படிச்சா ஈமான் போயிரும்."

கல்வியியற் கல்லூரியில் நாங்களும் கல்வித் தத்துவம் படித்தோம். பிளேட்டோ, ரூசோ, டூயி, யார் என்ன சொன்னார் என்று பாடமாக்கினோம். ஆனால் மெய்யியல் என்பது பெயர்ப்பட்டியல் அல்ல. சொல்லிலேயே இருக்கிறது, மெய் எது என்று தேடுவது. என்னைப் பொறுத்தவரை அது நான்கு கேள்விகள்:

நீ சொல்வதன் அர்த்தம் என்ன?
அது உனக்கு எப்படித் தெரியும்?
அது உண்மை என்றே வைப்போம், அதிலிருந்து இந்த முடிவு வருமா?
நாம் செய்யப்போவது நியாயமா?

இது யாருக்குத் தேவை என்று கேட்பவர்களுக்கு, தூரத்து உதாரணம் வேண்டாம். எங்கட மாவட்டத்தையே எடுப்போம். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று கதை கிளம்பியது. சிங்களம் சரியாக வராத ஒருவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவர் ஆமாம் என்றது வீடியோவாகிப் பரவியது. கடை உடைந்தது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னார், அது மாக்கட்டி.

அந்த இரவில் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டிருந்தால்?

ஒரு நேரச் சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா? இல்லை. பயந்துபோன ஒருவர் விளங்காத பாஷையில் ஆமாம் என்றது ஆதாரமா? சரி, அந்தக் கடைக்காரர் குற்றமே செய்திருந்தாலும், பள்ளிவாசலை உடைக்க அது எப்படிக் காரணமாகும்? ஒருவன் செய்ததற்கு அவனது சமூகமே பொறுப்பு என்பது நியாயமா?

ஒரு கேள்விக்கும் பட்டம் தேவையில்லை. நின்று கேட்க ஒரு ஆள்தான் தேவை.

அன்று பாதிக்கப்பட்டது நாங்கள். ஆனால் கேள்விகள் மற்றவனுக்கு மட்டும் உரியவை அல்ல. அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். அந்த ஊர் ஆக்களைப் பற்றி இந்த ஊரிலும், இந்த ஊரைப் பற்றி அங்கேயும் வட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? கேட்டு முடிக்க முன்னமே அடுத்த குழுமத்துக்கு அனுப்பிவிடுகிறோம். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சொல்லும் கட்டளை ஸூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. யார் வாயில் வந்தாலும் மெய்யைப் பார் என்று வள்ளுவரும் சொன்னார். இரண்டு ஊருக்கும் சாட்டு இல்லை.

ஈமான் போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று. தத்துவவாதிகளை மறுத்து நூல் எழுதியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). மறுக்க முன்னர் அவர்களது தத்துவத்தை ஊன்றிப் படித்து, அதை விளக்கித் தனி நூலே எழுதினார். உஸூலுல் பிக்ஹ் பற்றிய தனது 'முஸ்தஸ்பா'வை அளவையியல் முன்னுரையோடுதான் தொடங்கினார். அது தெரியாதவரின் அறிவை நம்ப முடியாது என்ற கருத்தையும் அதில் வைத்தார். அவரை மறுத்துப் பின்னர் இப்னு ருஷ்து எழுதினார். நூலுக்கு நூல், வாதத்துக்கு வாதம். யாரும் யாருடைய கடையையும் உடைக்கவில்லை.

உயர்தரக் கலைப்பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளை அதை எடுத்தால், "அதால என்ன தொழில் டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், வீட்டில் செலவு இருக்கிறது. என் பதில்: தொழில் எதுவாகவும் இருக்கட்டும். வயலுக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும், கந்தோரில் இருந்தாலும், ஒருநாள் யாரோ ஒருவர் கோபத்தோடு வந்து உங்கள் பிள்ளையைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார். அப்போது "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை கல்லைத் தூக்காது.

அந்தப் பழக்கம் உயர்தரத்தில் தொடங்குவதில்லை. நாலு வயதில் "ஏன் உம்மா?" என்று கேட்கும்போதே தொடங்குகிறது. வேலை அவசரத்தில் "வாயை மூடு" என்று சொல்லிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியாது மகன், வாங்க தேடிப் பார்ப்பம்" என்று சொல்லுங்கள். அது போதும்.