பட்டாவின் கறுப்புப் பூச்சு

மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற நானாவின் பழைய பட்டாவுக்கு, தட்டுத் தகடு உக்காமல் இருக்கப் போன வருசம் கறுப்பு லைனர் ஸ்பிறே பண்ணுவித்தோம். துருவுக்கு மேலாலேயே அடித்துவிட்டார்கள். ஆறே மாதத்தில் பொக்களித்து உரிந்தது.

கம்பனியில் அடிப்பது துருவே காணாத புதுத் தகட்டில். 2020 இல் இறக்குமதி நின்றபிறகு பழைய வாகனம் தேடின எங்களுக்கு அந்தத் தெரிவு எங்கே? வெளியில் அடிப்பிக்கிறதென்றால் பக்கத்தில் நின்று, வெறுந்தகடு தெரியுமட்டும் உரஞ்சுவதைப் பாருங்கோ. நாங்கள் நிற்கவில்லை.

இப்ப விற்க வேண்டிய நிலை. "மேலால இன்னொருக்கா அடிச்சால் ஒண்டும் தெரியாது" என்கிறார் தரகர். வாப்பா மாட்டனெண்டிட்டார். வாறவருக்கு ஓட்டையைக் காட்டித்தான் விலை பேசப்போறம்.