மருதானையில் மீண்டும் பேசிய வானொலி

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ ஏதும் கிடக்கிறதா? அப்படியானால் என்னோடு சற்று மருதானை வரை வாருங்கள்.

எங்கள் மாத்தளை வீட்டிலிருப்பது 1950களின் இறுதியில் பாட்டனார் வாங்கிய பிலிப்ஸ் பெட்டி. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரைப் பெற்றிருந்த காலம் அது. பெருநாள் பிறைச் செய்தி கேட்க அயலவரெல்லாம் எங்கள் விறாந்தையில் கூடுவார்களாம். இன்று படுக்கையில் இருக்கும் வாப்பா, “அந்தச் சத்தத்த இன்னொரு தரம் கேக்கணும் மகன்” என்றார். ஆசையில் நானே மின்சாரத்தில் மாட்டினேன். ஒரு நிமிடத்தில் கருகல் வாடை! பதறிப்போய்ப் பிடுங்கினேன்.

மறுவாரம் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கொழும்பு புகையிரதத்தில் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு பயணமானேன். மருதானை நிலையத்திலிருந்து சிறிது நடந்தால் ஓர் ஒடுக்கமான சந்து. அதன் முடிவில் ஒரு சிறு அறை. சுவரெங்கும் மரப்பெட்டிகள்; மேசையில் ஈயம் உருகும் மணம். எழுபது வயது நாநா ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார்.

“மௌலவி, இத நேரா கரண்ட்ல போட்டீங்களா?”

“ஒரு தரம் போட்டேன் நாநா.”

“அல்லாஹ் காப்பாத்தினான்!”

பிறகு பொறுமையாக விளக்கினார். பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் உள்ளேயுள்ள மின்தேக்கிகள் உலர்ந்தும் கசிந்தும் போகின்றன. இறுதி வால்வான இ.எல். 84க்கு முன்னாலுள்ள சிறு மின்தேக்கி கசிந்தால் அந்த வால்வு அளவு மீறிச் சூடாகும். கூடவே ட்ரான்ஸ்போமரும் எரியக்கூடும். வால்வுகளைத் தேடிப் பிடிக்கலாம், அந்த ட்ரான்ஸ்போமர் கிடைப்பது அரிது. அதனால் அவர் முதலில் மின்தேக்கிகளை மாற்றுகிறார். பிறகு 100 வாட் குண்டு பல்ப் ஒன்றின் வழியாகவே மின்சாரம் கொடுக்கிறார். உள்ளே கோளாறு இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்து மின்னோட்டத்தைத் தடுத்துவிடும், பெட்டி தப்பும். அணைத்த பிறகும் உள்ளே 250 வோல்ட் வரை தேங்கி நிற்கக்கூடும் என்பதால் பழகாதவர் கைவைக்கவே கூடாதாம்.

என் நல்ல காலம், ட்ரான்ஸ்போமர் பிழைத்திருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனேன். சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. “வால்வு சூடாகட்டும், அவசரப்படாதீங்க” என்றார். அரை நிமிடம் போலச் சென்றதும் செந்நிறமாய் ஒளிர்ந்தன வால்வுகள். மெல்லிய இரைச்சல், அதன் பின் சிற்றலையில் எங்கோ தொலைதூரத்து அரபுக் குரல் ஒன்று ஏறி இறங்கி வந்தது.

இன்று நம் நாட்டுச் சேவைகளைப் பெரும்பாலும் எஃப்.எம்.மில்தான் கேட்கிறோம். இந்தப் பெட்டிக்கு அது எட்டாது. ஆனால் பின்புறம் கிராமபோன் மாட்டும் துளைகள் உண்டு. அதில் கைபேசியை இணைக்க நாநா ஒரு வயர் செய்து தந்தார். “மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் உள்ள பெட்டிக்கு மட்டும்தான் இது. இல்லாததுக்கு வயர் மாட்டினா ஷொக் அடிக்கும்” என்று எச்சரிக்கவும் தவறவில்லை.

அன்றிரவு வாப்பாவின் கட்டிலருகே அதை வைத்து முஸ்லிம் சேவையைப் போட்டேன். கண்களை மூடிக் கேட்டவர், “இதுதான் மகன், அந்தச் சத்தம்” என்றார்.

வாசகர்களே, உங்கள் பரணிலுள்ள பெட்டியைத் தூசு தட்டுங்கள். ஆனால் மின்சாரத்தில் மாட்டிவிடாதீர்கள். தெரிந்த கையொன்றைத் தேடிச் செல்லுங்கள். அத்தகைய கைகள் குறைந்து வருகின்றன. கேட்க ஆசைப்படும் காதுகளுந்தான்.