அடி கேட்கும் காது

ஜெனீவாவின் ரேமண்ட் வெயில் கம்பனி, பீட்டில்ஸ் இசைக்குழுவின் பெயரில் ஒரு பதிப்பாக 3,000 மணிக்கூடுகள் மட்டும் செய்து விற்றது. அதில் ஒன்று, நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்த ஒரு பிள்ளையின் கையோடு என் மேசைக்கு வந்தது. டயலைச் சுற்றி பீட்டில்ஸின் இசைத்தட்டுகளின் பெயர்கள். நான்கு மணிக்குரிய இடத்தில் ‘ஹெல்ப்’ தட்டின் உறையில் நிற்கிற அந்த நால்வர். வடிவான வேலை, குறை சொல்லமாட்டேன்.

எனக்கு முன்னே அதைப் பார்த்த கடையில் “மெசினையே மாத்தவேணும்” என்று சொல்லிவிட்டார்களாம். எண்ணெய் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் காய்ந்த ஓட்டோமற்றிக்கைத் தூக்கி எறியச் சொல்கிறவர்களும் இப்போது வாட்ச் மேக்கர் என்று போர்டு போடுகிறார்கள். வருகிற தையோடு நான் கடையை விடுகிறேன். அதற்குமுன் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அந்த மணிக்கூட்டைக் கழுவிப் பூட்டிக் காதில் வைத்தேன். மணிக்கு 28,800 அடி. நொடிக்கு எட்டு அடி, தாளக் கணக்கில் சதுஸ்ரம். எச்.எம்.ரி ஜனதா 18,000, ஐந்தடி, கண்டம். செய்கோ 5 என்றால் 21,600, ஆறு, திஸ்ரம். ஒமேகா கோ-அக்சியல் 25,200, ஏழு, மிஸ்ரம்.

இந்தக் கணக்கைத் தந்தவர் என் குருநாதர். தவில் என்றால் அவருக்குப் பைத்தியம். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த லயஞான குபேர பூபதி தெட்சணாமூர்த்தி எந்தக் கோயிலில் வாசித்தாலும் அன்றைக்குக் கடை பூட்டு. என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவார். “கையைப் பாக்காதை. கண்ணை மூடு. ரண்டு அடிக்கும் நடுவில கிடக்கிற வெளியைக் கேள்” என்பார். நான் வித்துவானின் விரலைப் பார்க்கத் தலை நிமிர்த்தினால் பிடரியில் ஒரு தட்டு விழும். அடுத்தநாள் காலை, பீட் தப்பின, அதாவது டிக்கும் டக்கும் சம இடைவெளியில் விழாத மணிக்கூடு ஒன்றைக் காதில் வைத்துவிடுவார். “எந்த அடி பிந்துது? சொல்லு.” சொல்லும்வரை தேத்தண்ணி கிடையாது.

ஹெயார் ஸ்பிரிங்கின் வெளி நுனியைப் பிடிக்கிற ஸ்டட் அசையாத பழைய மெசின்களில் பீட் வைப்பதுதான் இந்தத் தொழிலில் என்னை ஆட்டிவைத்த வேலை. சாவி முழுதும் இறங்கினபின் பேலட் இரண்டு பின்னுக்கும் நடுவில் நிற்கிறதா, ஒருபக்கம் சாய்கிறதா என்று பார்த்தால் திசை தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. பலன்ஸைக் கழற்றி, கொலெற்றின் வெட்டில் மெல்லிய இரும்பை வைத்து, மயிரளவு திருப்பி, திரும்பப் பூட்டிக் கேட்கவேண்டும். கூடிப்போனால் மறுபடி கழற்றவேண்டும். கை பதறினால் ஹெயார் ஸ்பிரிங் வளைந்துவிடும். குருநாதர் பெரும்பாலும் ஒரே திருப்பலில் முடிப்பார். அவருடைய காது அப்படி.

1990களில் போரால் பற்றறிக்குத் தடை வந்தபோது குவாட்ஸ் எல்லாம் நின்றுபோயின. பெட்டிகளுக்குள் கிடந்த சாவி மணிக்கூடுகள் வெளியே வந்தன. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், குப்பி விளக்கடியில், காதை நம்பித்தான் அவற்றை ஓடவைத்தோம். இப்போது மணிக்கூட்டின் அடியைத் திரையில் கோடாகக் காட்டும் ரைம்கிராபர் வந்திருக்கிறது. என்னிடமும் ஒன்று உண்டு. பொடியள் திரையைப் பார்க்கிறார்கள். இரண்டு கோடும் கிட்ட வந்தால் மூடியைப் போட்டுவிடுகிறார்கள். சுருள் எங்கேயோ உரசுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்பதேயில்லை.

பீட்டில்ஸின் பேரில் ஜெனீவாவில் மணிக்கூடு செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதரின் பேருக்காக எழுந்த மணிக்கூடு என்றால், 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கட்டிய கோபுரம்தான். எங்கள் வித்துவான்களுக்குப் பொன்னாடையும் பதக்கமும் போதும் என்று இருந்துவிட்டோம். தெட்சணாமூர்த்தி 1975இல் போய்விட்டார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது.

வெளிநாட்டில் எங்கள் பிள்ளைகளிடம் காசு இருக்கிறது. என்றைக்காவது ஒருவர் தெட்சணாமூர்த்தியின் பேரில் மணிக்கூடு செய்விக்க நினைக்கலாம். டயலில் தவில் படம், பின்மூடியில் முகம், உள்ளே நொடிக்கு ஒருதரம் துள்ளும் குவாட்ஸ் என்றால் தயவுசெய்து வேண்டாம். ஒரு நொடியை அவர் எப்படியெல்லாம் பிரித்து வாசித்தார் என்று கேட்டவர்களுக்கு அது அவமானம். 18,000இல் ஓடும், கையால் சாவி கொடுக்கிற மெசினைப் போடுங்கள். கண்டத்தில் ஓடட்டும். டயல் வெறுமையாகவே இருக்கட்டும். அப்படி ஒன்று செய்தால் பீட் வைத்துத்தர நான் வருவேன். கூலி வேண்டாம்.