மான் மோதலும் முகப்புக் கம்பிச் சட்டமும்

அமெரிக்காவின் மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில், வெண்வால் மான்கள் இணைசேரும் இலையுதிர் காலத்தில், குறிப்பாக நவம்பர் மாத அந்திப்பொழுதுகளில், மான் மோதும் விபத்துகள் உச்சத்தை எட்டுவதால், பிக்கப் வண்டிகளின் முகப்பில் 'பிரஷ் கார்டு' எனப்படும் குழாய்க் கம்பிச் சட்டத்தைப் பொருத்துவோர் அங்கு உண்டு. புதர்க்கிளைகள் விளக்குகளையும் வண்ணப்பூச்சையும் கீறாமல் தடுப்பதற்கென உருவான இம்மெல்லிய சட்டம், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 70 கிலோ எடையுள்ள விலங்கைத் தாங்குவதற்கு உரியதன்று; மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், சட்டமே பின்னோக்கி மடங்கி, காக்க வேண்டிய பானெட்டையும் ரேடியேட்டரையும் நசுக்குவதுண்டு. வண்டியின் அடிச்சட்டமாகிய சேஸியோடு நேரடியாகப் பிணைக்கப்படும் கனத்த எஃகு பம்பரின் நிலை வேறு: ரேடியேட்டர் உடையாமல் தப்பினால், வண்டி தானே ஓடி வீடு சேரலாம். ஆயினும் வண்டியைக் காப்பதும் உள்ளிருப்போரைக் காப்பதும் ஒன்றல்ல. தான் நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்குமாறு வடிவமைக்கப்பட்ட முன்பகுதியின் இயல்பை விறைப்பான எஃகு மாற்றிவிடுவதோடு, ஏர்பேக் விரியவேண்டிய கணத்தை அறியும் உணரிகளின் கணிப்பையும் பிறழச் செய்யக்கூடும் (பாதசாரிகளுக்கு அது விளைக்கும் கேடு தனிக்கதை). மானைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பி மரத்தில் மோதுவதைவிட, தடம் மாறாமல் பிரேக்கை அழுத்துவதே மேல் என்று அங்குள்ள சாலைப் பாதுகாப்பு அமைப்புகள் வலியுறுத்துகின்றன.