பழைய சைக்கிளா, புதுசா?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய் வந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போக முடியுமா? தாராபுரம் வழியாகப் பழனி வரை பிரச்சினையே இல்லை. (தைப்பூசத்துக்கு நடந்தே போகிறார்கள்!) அதற்கப்புறம் சுமார் 65 கி.மீ. மலைப்பாதை. கொடைக்கானல் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில்.

சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் பையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் பைக்பேக்கிங் ஆசை வந்தவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். பழசையே தேற்றுவதா, புதுசு வாங்குவதா?

கியர் சைக்கிள் என்றால் தேற்றலாம். முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. பின்னால் 34 பல் போட்டால் 0.82 சுற்றுதான், மிதி லேசாகிவிடும். செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கலாம், பரவாயில்லை.

கம்பி பிரேக் வைத்த பழைய ஸ்டீல் சைக்கிள் கதை வேறு. பின் ஃபோர்க் இடைவெளியில் கியர் ஹப் நுழையாது, விரிக்க வேண்டும். அந்த பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பது. அதை மாற்றினால் ரிம்மையும் மாற்றணும்... அப்புறம் டயர், டியூப். கூட்டிப் பார்த்தால் பழசில் மிச்சம் பிரேம் மட்டும்தான்! நிட்டிங் மெஷினில் சிலிண்டரை மாற்றி கேஜை மாற்றுகிற ஊர் இது, தேற்றுவதில் தனிப் பிரியம். ஏற்கெனவே போட்ட காசும் மனசை இழுக்கும். காமர்ஸ் கணக்கில் அந்தக் காசுக்கு இடமில்லை.

ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில்? மழையில் நனைந்த ஸ்டீல் ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. பையில் பத்து கிலோ சுமை வேறு. பழனி வரைக்கும் பழசு போதும். கொடைக்கானலுக்கு, புதுசு வாங்கக் காசு சேரும்வரை பஸ்தான்.