இரண்டு இதயம் இருக்கலாமாம்!

அவன் சாவதில்லை. சாகும் தறுவாயில் உடல் ஒளிவிட்டெரியும். எழுந்து நிற்கும்போது முகம் வேறு, குரல் வேறு, நடை வேறு. ஆயினும், “அவனேதான் இவன்!” என்பர். நம் ஊர்ப் புராணிகர் அளந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே! பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ எனும் தொடர்கதையின் தலைவன் அவன். வேற்றுக் கோளில் பிறந்தவன். அவனுக்கு இதயம் இரண்டு. காவலரை அழைக்க அந்நாட்டுத் தெருக்களில் வைத்திருந்த நீலப் பெட்டியின் வடிவில் அவனுக்கோர் ஊர்தி. வெளியே பெட்டி, உள்ளே மாளிகை! நேற்றைக்கும் செல்லும், நாளைக்கும் செல்லும்.

1966-இல், முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல் நலிந்து விலக நேர்ந்தது. கதையை நிறுத்த மனமில்லாதவர்கள் கண்ட வழியே இந்த உடல்மாற்றம். பாட்ரிக் டிரௌட்டன் வந்தார், மக்கள் ஏற்றனர். அவருக்குப்பின் ஒருவர், மற்றொருவர் என வரிசை நீண்டது.

2017 ஜூலை 16. விம்பிள்டன் ஆடவர் இறுதிப் போட்டி முடிந்ததும் அறிவிப்பு வந்தது: பதின்மூன்றாம் டாக்டர், ஜோடி விட்டேக்கர். ஒரு பெண்! மகிழ்ந்தவர் பலர், ஆனால் சினந்தவர் குரலே ஓங்கி ஒலித்தது. ஏசினர், எள்ளினர், இனி இத்தொடரைக் கண்கொண்டும் பாரோம் எனச் சூளுரைத்தனர். முறையீடுகள் குவியவே, அவர் வேற்றுக் கோளினர், அவர் இனத்தார் ஆணாகவும் பெண்ணாகவும் மாறக்கூடியவர் என்று கதையிலேயே வந்திருக்கிறதே என நிறுவனம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. பொய்க்கதைக்கு மெய்விளக்கம்!

இத்தொடரை விரும்பிப் பார்ப்பவன் நான். இலண்டனில் நெடுங்காலம் வாழ்ந்த நண்பர் ஒருவரும் அப்படியே. அறிவியல் பயின்றவர், மூடநம்பிக்கையைக் கண்டால் முகம் சுளிப்பவர். அவர் சொன்னார்: “நம்பும்படி இல்லையே!”

“எது?” என்றேன்.

“அவன் எப்படிப் பெண்ணாக முடியும்?”

இரண்டு இதயத்தை நம்பினார். பறக்கும் பெட்டியை நம்பினார். செத்தவன் எழுவதையும் நம்பினார். அண்டமெல்லாம் சுற்றிவந்த அவருடைய கற்பனை, ஒரு பாவாடையின் ஓரம் தடுக்கி விழுந்துவிட்டது! அறிவு மறுத்ததா அங்கே? இல்லை, பழக்கம் மறுத்தது. அந்த நாற்காலி யாருடையது என்று அவர் உள்ளம் முன்னரே பட்டா எழுதி வைத்திருந்தது.

எதிர்த்தவர் எல்லாரும் ஏசியவர் அல்லர். ஐந்தாம் டாக்டராக நடித்த பீட்டர் டேவிசன், விட்டேக்கரின் திறமையைப் போற்றியவர்தாம். எனினும், சிறுவர்கள் தங்களுக்கான ஒரு முன்மாதிரியை இழக்கிறார்களே என வருந்தினார். ஆறாமவரான காலின் பேக்கர் அதை வெறும் அபத்தம் என ஒதுக்கினார். ஒருவரை முன்மாதிரியாகக் கொள்ள அவர் நம் பாலினராக இருக்கத் தேவையில்லை என்றார். நான் பேக்கர் பக்கம். 1963 முதல் 2017 வரை அந்நாட்டுச் சிறுமியர் ஓர் ஆணைப் பார்த்துத்தானே அறிவையும் அஞ்சாமையையும் மெச்சினர்? அப்போது எவரேனும் அவர்களுக்காக வருந்தினரா? சிறுமி சிறுவனைப் போற்றலாம், சிறுவன் சிறுமியைப் போற்றினால் மட்டும் குறைந்துபோவான் என்பது எந்த ஊர் நியாயம்?

“மரபு கெட்டது” என்றனர் சிலர். எந்த மரபு? இத்தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், பெண். இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாதவர். முதற்கதையை இயக்கியவர் இலக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். தொடருக்கு வித்திட்டவர்களில் ஒருவரான சிட்னி நியூமன், டாக்டரைப் பெண்ணாக்குங்கள் என்று 1986-லேயே எழுதினார். மரபைக் காக்கப் புறப்பட்டவர்களுக்கு மரபே தெரியவில்லை!

அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், அதே நிறுவனம் ஆண்டுக்கு 1,50,000 பவுனுக்கு மேல் பெறும் தன் புகழாளர் பட்டியலை வெளியிட்டது. மூவரில் இருவர் ஆண்கள். உச்சியில் இருந்தவரும் ஆணே. விட்டேக்கருக்கு முன்னவருக்கு இணையான ஊதியம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. உண்டு என நிறுவனத் தரப்பில் சொல்ல நேர்ந்தது. முன்னவர்கள் எவருக்கும் இக்கேள்வி எழுந்ததாக நான் கேட்டதில்லை.

2018 அக்டோபர் 7 அன்று வந்த அவரது முதற்கதையை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் பார்த்தனர். பின்னர் அத்தொகை குறைந்தது உண்மை. 1947 பஞ்சாபின் பிரிவினைத் துயரைச் சொன்ன கதை என் நெஞ்சைவிட்டு அகலாதது. வேறு சில சோர்ந்தன, நானே கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் வேடிக்கை பாருங்கள்: அக்காலத்தின் தலைமை எழுத்தாளர் கிறிஸ் சிப்நால், ஆண். கதை சோர்ந்ததற்கு ஏச்சு வாங்கியவரோ, நடித்த பெண்!

2022 அக்டோபர் 23-இல் விட்டேக்கர் விடைபெற்றார். ஒளி எரிந்தது, எழுந்து நின்றவர் டேவிட் டெனன்ட், முன்பே பத்தாம் டாக்டராக வந்துபோன அதே ஆண். உடலோடு உடுத்திய உடையும் சேர்ந்தே மாறியிருந்தது. அன்று மட்டும், நம்பும்படி இல்லை என்று எந்த நண்பரும் என்னிடம் சொல்லவில்லை.